சாரணர் சீருடையும் சான்றோர் தலைமையும்

சாரணர் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில், மதுரை நோக்கிச் செல்லும் கவுந்தியடிகள், கோவலன், கண்ணகி ஆகிய மூவர்க்கும் எதிர்ப்பட்டு அறமுரைத்த சமணச் சாரணரை நாம் அறிவோம். ஒற்றர் என்னும் பொருளும் இச்சொல்லுக்கு அகராதிகளில் உண்டு. அறவோரையும் வேவு பார்ப்போரையும் ஒரே சொல் குறிப்பது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய சிறுவர் இயக்கத்திற்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திராது. வேவுப் பொருளில் தொடங்கி அறப்பொருளை நாடி நடந்த இயக்கம் அது. அந்நடையில் சீருடைக்கும் மரபுக்கும் மூத்தோர் தலைமைக்கும் உரிய இடம் யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

இவ்வியக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் ஆங்கிலேயப் படைத்தலைவர். 1899இல் அவர் எழுதிய வேவுக்கலை நூல் படைவீரர்க்கென எழுதப்பட்டது. அவ்வாண்டே தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் நகர் முற்றுகைக்குள்ளாகி 217 நாள் தாக்குப்பிடித்தது. செய்தி கொண்டு செல்லுதல் முதலிய பணிகளை அந்நகரச் சிறுவர் பொறுப்புடன் ஆற்றியதை அவர் கண்டார். சிறுவரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் அவர் அதற்கேற்ப உயர்வர் என்னும் உண்மை அவருள்ளத்தில் வேரூன்றியது.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ 20 சிறுவரைக் கொண்டு அவர் முகாம் ஒன்று நடத்தினார். உயர்குடிப் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தனர். அவர்களை 4 அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருவனையே தலைவனாக்கினார். ஈண்டு ஒன்றைக் கருத்தில் இருத்துதல் வேண்டும். அம்முதல் முகாமில், இன்று நாம் அறிந்த சீருடை இல்லை. இன்ன அணியினன் என்று காட்டத் தோளில் ஒரு வண்ண நாடா மட்டுமே இருந்தது. அணியும் அணித்தலைவனும் முன் வந்தனர். உடை பின்னர் வந்தது. 1908இல் சிறுவர்க்கான நூல் வெளிவந்ததும் இயக்கம் காட்டுத்தீ எனப் பரவியது.

சீருடையும் உரிமையும்

செல்வன், வறியன் என்னும் வேற்றுமையை மறைப்பது சீருடையின் முதற்பயன். ஆயின், அவ்வுடையை யார் அணியலாம் என்னும் வினா எழுந்தபோது, வேற்றுமை வேறு வாயில் வழியே உள்ளே நுழைந்தது.

இந்தியாவில் 1909இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற சாரணர் படையும், அதனையடுத்துத் தோன்றியவையும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கே உரியனவாக இருந்தன. நம் நாட்டுப் பிள்ளைகட்கு இடமில்லை. அதனைப் பொறாத அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையுடன் 1916இல் சென்னையில் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தை நிறுவினார். அச்சாரணர் தொப்பியை விடுத்துத் தலைப்பாகை அணிந்தனர். இந்திய மொழிப் பாடல்களைப் பாடினர். தலைப்பாகை அங்கே வெறுந்துணியன்று; எமக்கும் இவ்வுரிமை உண்டு என்னும் முழக்கம் அது. வடநாட்டில் மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்சுரு, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் 1918இல் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அம்மையாரின் சங்கம் அவரது அமைப்புடன் இணைந்தது. எனினும் பிளவு முற்றும் நீங்கவில்லை. 1937இல் மீண்டும் வந்த அவர் இந்தியரின் ஒழுக்கம் பற்றிக் கூறிய கருத்துகள் மனத்தாங்கலை விளைத்தன. 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் பிறந்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னரே ஒற்றுமை கைகூடியது. நேரு, அபுல் கலாம் ஆசாத் முதலியோரின் முயற்சியால் 1950 நவம்பர் 7ஆம் நாள் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று; 1951 ஆகஸ்ட் 15இல் சாரணியரும் அதில் இணைந்தனர். இன்று சாம்பல் நிறச் சட்டையும் கருநீலத் தொப்பியும் கழுத்துத் துணியும் அணியும் சிறுவன், தன் பாட்டனார் காலத்தில் வாதாடிப் பெற்ற ஓர் உரிமையை அணிந்துள்ளான் என்பது வெளிப்படை.

மரபுகளின் பொருள்

நம் கிழக்கேகோட்டைக்கு வருவோம். கோட்டை வாயிலையடுத்துள்ள பழவங்காடி கணபதி கோயில் இன்றும் இந்தியப் படையின் பொறுப்பில் இருப்பது. படைச் சீருடைக்கும் இந்நகர்க்கும் உள்ள பழந்தொடர்புக்கு அது சான்று. அவ்விடத்திலேயே பள்ளி விட்ட மாலையில், பேருந்துக்குக் காத்து நிற்கும் பிள்ளைகளிடையே சாரணரின் கழுத்துத் துணியையும் காணலாம். இரண்டும் சீருடையே, ஆயின் இரண்டும் ஒன்றல்ல. படைவீரன் ஆணைக்குப் பணிகிறான். சாரணனோ தானே விரும்பி ஏற்ற உறுதிமொழிக்குப் பணிகிறான்.

சாரணர் மரபுகள் யாவும் இவ்வுறுதிமொழியையே நினைவூட்டுவன. வணக்கத்தில் நிமிரும் மூன்று விரல்கள் அதன் மூன்று பகுதிகளைக் குறிக்கும்: கடவுட்கும் நாட்டிற்கும் ஆற்றும் கடமை, பிறர்க்குதவி, சாரணர் விதி பேணல். கடவுள் என்னும் இடத்தில் தருமம் என்று சொல்லவும் இந்திய இயக்கம் இடந்தருகிறது. இடக்கை குலுக்கல் உடன்பிறப்புணர்வின் அடையாளம். கழுத்துத் துணியோ அழகுக்கு மட்டுமன்று; அடிபட்டவன் கைக்கு அதுவே தூக்குக் கட்டாகும். பொருளுணராது செய்யின் இவை வெறுஞ்சடங்கு. உணர்ந்து செய்யின் ஒழுக்கம்.

மூத்தோர் தலைமை

இனி, உயிர்நிலையான பகுதிக்கு வருவோம். மரபின் பொருளை உணர்த்துபவர் யார்? சாரண ஆசிரியரே. அவரது கடமை விந்தையானது. தலைவராக இருந்துகொண்டே தலைமையைப் பிறர்க்கு வழங்குவது. ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணியை அணித்தலைவனே நடத்துவான். அணித்தலைவர்கள் கூடும் அவையில் ஆசிரியர் அறிவுரையாளராக மட்டுமே அமர்வார். கூடாரக் கயிற்றைச் சிறுவன் தவறாக முடிந்தால், உடனே பறித்துத் தாமே முடிபவர் நல்ல ஆசிரியராகார். அவிழ்வதைக் கண்டு அவனே மீண்டும் முடியும் வரை பொறுத்திருப்பவரே ஆசிரியர். கேரளத்தில் சாரணர் விருதுகட்குத் தேர்வில் சலுகை மதிப்பெண் வழங்கும் வழக்கம் உண்டு. மதிப்பெண்ணை நாடிச் சீருடை அணியும் பிள்ளையைத் தொண்டினை நாடச் செய்வதும் இத்தகைய ஆசிரியராலேயே இயலும்.

இத்தலைமை பிழைபட்டால் விளையும் கேடு பெரிது. அமெரிக்கச் சிறுவர் சாரணர் அமைப்பு 2020 பிப்ரவரியில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. சிறுவராயிருந்தபோது பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறி 82,000க்கும் மேற்பட்டோர் அவ்வழக்கில் இழப்பீடு கோரினர். சீருடை அணிந்த மூத்தவர் நல்லவராகவே இருப்பார் என்னும் நம்பிக்கை எத்தனை பிள்ளைகளைக் காவலின்றி விட்டது! ஆகவே மூத்தவர் ஒருவர் பிள்ளையொன்றுடன் தனித்திருத்தல் கூடாது, முகாமில் பெரியவர் இருவரேனும் உடனிருத்தல் வேண்டும் என்னும் நெறிகள் எங்கும் வலியுறுத்தப்படுகின்றன. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் அதனைத் தெரிவித்தல் கடமையென விதிக்கிறது. இயக்கத்தின் நற்பெயர் கருதி மூடி மறைப்பவர் இயக்கத்திற்கே பகைவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அணியே உடல், மரபும் சீருடையும் அதன் அணிகலன், தன்னலமற்ற மூத்தோர் தலைமையே உயிர் என்பது தெளிவாகும். மாணவ நண்பர்களே, நம்முள் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர். புதிதாகப் பணியேற்றவரிடம் சாரணர் படையை ஒப்படைப்பது பள்ளிகளில் இயல்பு. அப்பொறுப்பைக் கூடுதற் சுமையென்று தட்டிக் கழிக்காதீர். 25 வயது வரையிலான இளைஞர்க்கும் இவ்வியக்கத்தில் திரிசாரணர் பிரிவு உண்டு. இன்றே பயிலத் தொடங்கலாம்.

கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஆற்றுகால் பகவதி கோயில் உள்ளது. அவ்வம்மையைக் கண்ணகியெனவே மக்கள் போற்றுகின்றனர். அன்று கண்ணகியின் வழியில் அறமுரைத்த சாரணரின் பெயரைத் தாங்கிய பிள்ளைகள் இன்று நம் தெருக்களில் நடக்கின்றனர். அப்பெயர்க்கு ஏற்ற வழித்துணையாக அமைவது நம் கடன்.