திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் காணத் தக்கனவும் உண்ணத் தக்கனவும்

சென்னையிலும் வெளி மாநிலங்களிலும் குடியேறிய நம் குடும்பத்தினர் பலர், கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சொந்த ஊர்ப்பக்கம் வருகின்றனர். வந்தவர்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்க்கின்றனர், புதுச்சேரிக் கடற்கரைக்குச் செல்கின்றனர், திரும்பிவிடுகின்றனர். நம் முன்னோர் தவம் புரிந்த குன்றுகள் அதே சாலைகளின் ஓரத்திலேயே இருந்தும், பிள்ளைகள் அவற்றின் பெயரைக் கூடக் கேளாமல் ஊர் திரும்புவது வருந்தத்தக்கது. இக்குறையைப் போக்கும் பொருட்டு, இரண்டு நாட்களில் காணத்தக்க இடங்களையும், வழியில் உணவு நெறி வழுவாது உண்ணும் முறையையும் இங்குத் தொகுத்துரைப்போம்.

புளியங்காட்டில் தொடங்குவோம்

திண்டிவனம் என்னும் பெயர் 'திந்திரிணீ வனம்' என்பதன் திரிபு என்பர். திந்திரிணீ என்பது வடமொழியில் புளிய மரத்தைக் குறிக்கும். புளியங்காட்டின் பெயர் தாங்கிய ஊரிலிருந்து புறப்படும் யாத்திரைக்குப் புளியோதரையே பொருத்தமான கட்டுச்சோறு! வேடிக்கையாகச் சொன்னாலும் இதில் பயன் உண்டு. புளியோதரை காலையில் கட்டினால் மாலை வரை கெடாது. வெங்காயமும் பூண்டும் வேண்டாதது. எவரிடமும் கேட்டு ஐயம் தீர்க்க வேண்டாதது. எலுமிச்சைச் சோறும் அத்தகையதே. தயிர்ச்சோற்றை மட்டும் நண்பகலுக்குள் உண்டுவிடுதல் நன்று.

உணவு விடுதியில் உண்ண நேரின் இட்லியும் வெண்பொங்கலும் தேங்காய்ச் சட்டினியும் எளிதாகக் கிடைக்கும். சாம்பாரில் சின்ன வெங்காயமும், மசாலா தோசையில் உருளைக்கிழங்கும் இருக்கும். கிழங்கு வகைகளை நீக்கியவர்கள், பரிமாறிய பின் ஒதுக்கி வைப்பதை விட, உண்ணும் முன்பே பணிவாகக் கேட்டுக்கொள்வது சிறந்தது. ஒதுக்கப்பட்ட உணவு வீணாகும், அதுவும் அறமன்று.

இவ்வட்டாரம் மணிலாப் பயிருக்குப் பெயர் பெற்றது. இங்குள்ளோர் 'மல்லாட்டை' என்பர். மண்ணுக்கடியில் விளைவதால் அதுவும் கிழங்கோ எனச் சிறுவர் வினவுவர். அது கிழங்கன்று. பூ வெளியில் பூத்து, அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கும் பயறு வகை அது என்று விளக்குக. கோடையில் சாலையோரம் நுங்கும் இளநீரும் தர்ப்பூசணியும் கிடைக்கும். குடிநீரை வீட்டிலேயே வடிகட்டி எடுத்துச் செல்வது நம் மரபுக்கும் உடல் நலத்துக்கும் ஒத்தது.

முதல் நாள்: மேல்சித்தாமூர், செஞ்சி, திருநாதர்குன்று

திண்டிவனத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் சென்று, பிரிந்து போகும் வழியில் மேல்சித்தாமூரை அடையலாம். தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இங்குள்ளது. காஞ்சிக்கு அருகில் திருப்பருத்திக்குன்றத்தில் இருந்த பீடமே பிற்காலத்தில் இங்கு வந்தது என்பது மரபு. பார்சுவநாதர் ஆலயத்தின் உயர்ந்த கோபுரமும் மானஸ்தம்பமும் தொலைவிலிருந்தே தெரியும். மயிலாப்பூரில் இருந்த நேமிநாதர் திருவுருவம், கடல்கோளுக்கு அஞ்சி இங்குக் கொணரப்பட்டது என்றும் முன்னோர் கூறுவர். அம்மயிலை நேமிநாதரைப் பாடியதே அவிரோதியாழ்வாரின் 'திருநூற்றந்தாதி'. இவ்வூரிலேயே பழைமை வாய்ந்த மலைநாதர் கோயிலும் உண்டு. அங்குப் பாறையில் செதுக்கப்பட்ட திருமேனிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறலாகாது. தங்கவும் உண்ணவும் விரும்புவோர் மடத்தாரிடம் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளல் முறை.

செஞ்சிக் கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை இணைத்துக் கட்டப்பட்டது. 1677-இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். பின்னர் அவர் மகன் இராஜாராம் இங்கிருந்தபோது மொகலாயப் படை பல ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698-இல் கோட்டையைப் பிடித்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்த மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டனுள் தமிழகத்தில் உள்ளது இது ஒன்றே. இராஜகிரியின் உச்சிக்கு ஏற விரும்புவோர் காலையிலேயே ஏறிவிட வேண்டும். வெயிலில் பாறை கொதிக்கும். முதியோரும் சிறுவரும் கீழ்க்கோட்டையில் உள்ள களஞ்சியம், கல்யாண மகால் ஆகியவற்றைக் கண்டு இளைப்பாறலாம்.

மாலையில், செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் செல்லும் பக்கமாக உள்ள திருநாதர்குன்றுக்குச் செல்க. பெரும்பாறை ஒன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களும், வரிசைக்குப் பன்னிருவராக இரு வரிசைகளில் செதுக்கப்பட்டுள்ளனர். அவர்கள் முன் சற்று நேரம் அமைதியாக அமர்ந்திருப்பதே போதும்.

இக்குன்றில் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம், அதாவது நிசீதிகை, இது என்பதே அதன் செய்தி. எழுத்தமைதி கொண்டு இதனை ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டினது என்பர் அறிஞர். தமிழ் எழுத்தின் வரலாற்றில் இதற்குத் தனியிடம் உண்டு. 'ஐ' என்னும் எழுத்தின் மிகப் பழைய வடிவத்தை இங்குக் காணலாம் என்று கல்வெட்டாய்வாளர் எடுத்துரைப்பர். ஐம்பத்தேழு என்னும் எண்ணின் முதலெழுத்தாகவே அது நிற்கின்றது! இளையபடாரர் என்பவர் முப்பது நாள் நோன்பிருந்ததைக் கூறும் பிற்காலக் கல்வெட்டும் இங்குண்டு.

உண்ணாமை கற்பிக்கும் பாடம்

எங்கு எதனை உண்ணலாம் எனத் தேடி வந்த நாம், உண்ணாமையால் உயர்ந்தவர் வாழ்ந்த பாறையின் முன் நிற்கின்றோம். பிள்ளைகள் இங்கே ஒரு வினா எழுப்புவர்: "இது தற்கொலை ஆகாதா?"

இவ்வினாவைத் தட்டிக் கழித்தல் தகாது. நாடே இதனை விவாதித்தது. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்தது. அதே மாதம் 31-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நம் நூல்கள் கூறும் விடை தெளிவானது. விலக்க இயலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீரா நோய் ஆகியவை நேர்ந்து, அறத்தைக் காக்க வேறு வழியில்லாத போதே சல்லேகனை கூறப்பட்டது. சினத்தாலோ துயரத்தாலோ விரைந்து உயிரை மாய்ப்பது தற்கொலை. பகை, பற்று ஆகியவற்றை நீக்கி, எல்லாரிடமும் மன்னிப்பு வேண்டி, திட உணவை விட்டு நீர்ம உணவுக்கும், பின் நீருக்கும், பின் நோன்புக்கும் படிப்படியாகச் செல்வது சல்லேகனை. முன்னது கலங்கிய மனத்தின் செயல். பின்னது தெளிந்த மனத்தின் நோன்பு.

நம்மைப் போன்ற இல்லறத்தார்க்கு இதிலுள்ள பாடம் எளியது. ஐம்பத்தேழு நாள் நோற்றவரின் மரபில் வந்த நாம், பொழுது சாய்ந்த பின் உண்ணாதிருத்தல் என்னும் சிறு நோன்பையாவது பயணத்தில் கைக்கொள்ளலாகாதா? இவ்வட்டாரத்தில் கார்த்திகை மாதத்தில் ஏறக்குறைய 5.40 மணிக்கும், ஆனி, ஆடி மாதங்களில் 6.35 மணிக்குப் பின்னும் கதிரவன் மறைவான். குன்றுக்குச் செல்லும்போதே மாலை உணவைக் கையில் கொண்டு செல்க. மேலே உண்ணாது, கீழிறங்கி நிழலில் அமர்ந்து உண்டு, இலையையும் தாளையும் பொறுக்கி எடுத்து வருக.

இரண்டாம் நாள்: மண்டகப்பட்டு, திருநறுங்கொண்டை

செஞ்சியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலைப் பக்கத்தில் மண்டகப்பட்டு உள்ளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி மூவர்க்கும் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மன் இக்குடைவரைக் கல்வெட்டில் பெருமிதம் கொள்கின்றான். முதலில் சமணனாக இருந்து பின் சைவனானவன் என்று மரபு கூறும் மன்னன் இவன். வேற்றுச் சமயத்தார் கோயிலாயினும், கலையின் சிறப்பைக் கண்டு மகிழ்வதில் நமக்குத் தடையில்லை; ஒரு பொருளைப் பல கோணங்களில் நோக்கக் கற்பிப்பதே அநேகாந்தம்.

விழுப்புரத்தில் நண்பகல் உணவை முடித்துக்கொண்டு உளுந்தூர்ப்பேட்டை வழியாகத் திருநறுங்கொண்டைக்குச் செல்லலாம். 2019-இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது இவ்வூர் அதில் சேர்ந்துவிட்டது. குன்றின் மேல் அப்பாண்டைநாதராகிய பார்சுவநாதர் எழுந்தருளியுள்ளார். சூடாமணி நிகண்டு இயற்றிய மண்டலபுருடரின் ஆசிரியர் குணபத்திரர் இத்தலத்தைச் சார்ந்தவர். திண்ணைப் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாக மனனம் செய்த நிகண்டு அது என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துக.

நேரம் மிகுதியாக உடையோர் மூன்றாம் நாள் திருவக்கரைக்குச் சென்று, ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்களைக் காணலாம்.

செய்யத் தகாதன

பாறைத் திருமேனிகளின் மீது எண்ணெய் பூசுதல், கற்பூரம் ஏற்றுதல், கல்வெட்டின் மேல் மாவோ சுண்ணமோ தடவிப் படிக்க முயலுதல், பெயர் எழுதுதல் ஆகியவற்றை அறவே தவிர்க்க. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வெயிலும் மழையும் அழிக்காத எழுத்தை ஒரு பக்தரின் கை அழித்துவிடக் கூடாது.

பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய வினாக்கள்

1. நிசீதிகை என்றால் என்ன?
2. சல்லேகனைக்கும் தற்கொலைக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. மல்லாட்டை கிழங்கா, காயா? காரணம் கூறுக.
4. இப்பயணத்தில் நீ ஏற்ற சிறு நோன்பு எது? அதனை எத்தனை நாள் தொடர்வாய்?

நான்காம் வினாவிற்கு விடையைப் பெற்றோர் முதலில் கூறுவாராக.