சின்னஞ்சிறு சட்டை

பிறந்த குழந்தைக்குச் சட்டை வாங்கத் துணிக்கடைக்குச் செல்வோரிடம், "ஆண் குழந்தையா, பெண் குழந்தையா?" என்றே கடைக்காரர் முதலில் கேட்பார். ஆண் என்றால் நீலம் வரும். பெண் என்றால் இளஞ்சிவப்பு வரும். இவ்வழக்கம் தொன்றுதொட்டு வருவது போலத் தோன்றும். வரலாறு வேறு விதமாகக் கூறுகிறது.

1884ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்று உண்டு. அதில் இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று, நீண்ட தலைமுடியுடன் வெண்ணிறக் கவுன் அணிந்து, இறகு வைத்த தொப்பியைக் கையில் பிடித்து அமர்ந்திருக்கிறது. காண்போர் அதைப் பெண் குழந்தை என்றே எண்ணுவர். அக்குழந்தைதான் பிற்காலத்தில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்! அக்காலத்தில் அங்குச் சிறு குழந்தைகள் இருபாலரும் வெள்ளைக் கவுனே அணிந்தனர். அழுக்கானால் வெளுப்பது எளிது; அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கும் உதவும். 1918இல் கூட, அந்நாட்டு வணிக இதழ் ஒன்று ஆண் குழந்தைக்கு இளஞ்சிவப்பையும் பெண் குழந்தைக்கு நீலத்தையும் பரிந்துரைத்தது.

தமிழர் இல்லங்களிலும் குழந்தையின் முதல் உடைக்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு இருந்ததில்லை. பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியில் குழந்தையைப் பொதிந்தனர். அம்மாவின் நூற்சேலையே தூளியாயிற்று. அரைஞாண் கயிறும் இருபாலர்க்கும் கட்டப்பட்டது.

குழந்தை வளர வளர, உடை அதன் விளையாட்டையும் முடிவு செய்கிறது. பாவாடை அணிந்த சிறுமி ஊஞ்சலில் ஏறத் தயங்குகிறாள். ஓடும்போது ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்கிறாள். கேரள மாநிலம் எறணாகுளம் மாவட்டத்தில் உள்ள வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப்பள்ளி இதனை உணர்ந்தது. அங்கு மாணவர், மாணவியர் அனைவர்க்கும் சட்டையும் முக்கால் கால்சட்டையுமே சீருடையாக அமைந்தன. 2021இல் அப்பள்ளியைப் பற்றி நாடெங்கும் பேசினர்.

பாவாடை தாழ்ந்ததன்று, விரும்பும் குழந்தை அதை மகிழ்ந்து அணியலாம். ஆயினும் உடையைத் தேர்ந்தெடுப்போர் முதலில் கேட்க வேண்டியவை வேறு. துணி பருத்தியா? வியர்வையை உறிஞ்சுமா? இடுப்பை இறுக்குமா? பிய்ந்து வாய்க்குள் போகும் மணிகள் உள்ளனவா? கை கால்களை நன்கு நீட்ட முடியுமா?

அக்காள் அணிந்த இளஞ்சிவப்புச் சட்டை கிழியாமல் இருந்தும், தம்பிக்கு ஆகாது என்று பெட்டியில் முடங்கிக் கிடப்பதுண்டு. அச்சட்டையின் நிறம் தம்பிக்குத் தெரியாது. அதன் மென்மை மட்டுமே தெரியும்.

சொற்பொருள்
தொன்றுதொட்டு – நெடுங்காலமாக
இருபாலர் – ஆண், பெண் ஆகிய இரு பிரிவினர்
பொதிந்தனர் – சுற்றி மூடினர்
தூளி – சேலையால் கட்டிய தொட்டில்

வினாக்கள்
1. ரூஸ்வெல்டின் ஒளிப்படத்தைக் காண்போர் ஏன் அதைப் பெண் குழந்தையின் படம் என எண்ணுவர்?
2. அக்காலத்தில் குழந்தைகளுக்கு வெள்ளைக் கவுன் அணிவித்ததற்கு இரண்டு காரணங்கள் எழுதுக.
3. 'உடை விளையாட்டையும் முடிவு செய்கிறது' – உம் வகுப்பில் கண்டதைக் கொண்டு ஐந்து வரிகளில் விளக்குக.

செயல்பாடு
நீவிர் பிறந்தபோது முதலில் எத்துணியில் பொதிந்தனர்? ஊரில் உள்ள பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு, அவர் கூறியதைத் தமிழில் எழுதி வருக.