மின்கலப் பெட்டிகளுக்குப் பெயரிடுதல்

ஞாயிற்றின் ஒளியும் காற்றின் விரைவும் நாம் வேண்டியபொழுது வருவன அல்ல. அவை வரும்பொழுது பெற்ற மின்னாற்றலைச் சேமித்து வைத்து, வேண்டியபொழுது வழங்குதற்கென்றே மின்கலச் சேமிப்பு நிலையங்கள் அமைக்கப்பெறுகின்றன. தென் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ்டவுன் என்னும் ஊரின் அருகே, காற்றாலைகளை அடுத்து, 2017-ஆம் ஆண்டில் ஹார்ன்ஸ்டேல் நிலையம் எழுந்தது. தொடக்கத்தில் அது 100 மெகாவாட் வலிமையும் 129 மெகாவாட்-மணி கொள்ளளவும் உடையதாயிருந்தது. 2020-ஆம் ஆண்டில் 150 மெகாவாட்டாக விரிவுற்றது. இத்துணைப் பெரிய நிலையமும் கைக்கடக்கமான சிறு மின்கலங்களின் தொகுதியே ஆகும்.

இத்தகைய நிலையங்களில் பயன்படும் கலங்களுள் லித்தியம் இரும்புப் பாஸ்பேட் என்பது ஒரு வகை. அவ்வகைக் கலம் ஒன்று ஏறத்தாழ 3.2 வோல்ட் தரும். பதினாறு கலங்களைத் தொடராகக் கோத்து ஒரு பெட்டியில் அடைத்தால் 51.2 வோல்ட் ஆகும். அத்தகைய பெட்டிகள் பதினாறைத் தொடுத்து ஓர் அடுக்காக நிறுத்தினால் 819.2 வோல்ட் கிடைக்கும். ஒவ்வொரு பெட்டியினுள்ளும் ஒரு சிறு மின்னணுக் கருவி உண்டு. கலங்களின் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, அடுக்கின் தலைமைக் கருவிக்கு அறிவிப்பது அதன் கடமை. ஒரு கலம் அளவு மீறிச் சூடேறுமாயின், தலைமைக் கருவி உடனே மின்னோட்டத்தைத் துண்டித்தல் வேண்டும். காலந்தாழ்ப்பின் அச்சூடு அடுத்த கலத்தையும் பற்றும், தீயும் மூளும். ஆதலின், சூடேறியது என்னும் செய்தி மட்டும் போதாது. எப்பெட்டியில் ஏறியது என்பதும் தெரிதல் வேண்டும்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. பெட்டிகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போல்வன. அவை யாவும் ஒரே செய்திக் கம்பியில் இணைந்துள்ளன. பெயர் சுட்டாமல் தலைமைக் கருவி ஒரு வினா விடுத்தால், பதினாறும் ஒருங்கே விடை கூறும். பெயர் சொல்லாமல் வருகை கேட்கும் ஆசிரியருக்கு வகுப்பு முழுவதும் "உள்ளேன் ஐயா" என்று கூவுவதை மாணவர்களே எண்ணிப் பாருங்கள்!

செய்திக் கம்பிகளுக்குரிய ஒழுங்குகளுள் ஒன்று 'கேன்' என்பது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கென வகுத்து 1986-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. அதன் நாகரிகம் வியக்கத்தக்கது. இரு கருவிகள் ஒரே நொடியில் பேசத் தொடங்கின், செய்தித் தலைப்பில் சிறிய எண்ணை உடையது தொடர்ந்து பேசும். பெரிய எண்ணை உடையது அக்கணமே அடங்கித் தன் முறைக்குக் காத்திருக்கும். மேடைப் பேச்சாளர் சிலர்க்கும் இப்பண்பு வாய்த்திருக்கலாம்! ஆயின் இரண்டிற்கும் ஒரே எண் இருப்பின், இரண்டும் தமக்கே உரிமையென்று மேற்செல்லும்; செய்தியின் நடுவே மாறுபட்டு மோதும்; மீண்டும் தொடங்கி மீண்டும் மோதும். பன்முறை பிழைபட்ட கருவி தானே கம்பியினின்று விலகி ஊமையாகிவிடும். தலைமைக் கருவி அம்மௌனத்தை உணர்ந்து அடுக்கையே நிறுத்திவிட்டாலும், குறை எப்பெட்டியில் உள்ளதென்று அறியாமல் பணியாளர் திகைப்பர்.

முன்னர்ப் பெட்டிதோறும் நான்கு சிறு விசைகளை வைத்து, அவற்றை மேலும் கீழுமாகத் தள்ளிப் பதினாறு எண்களை அமைத்தனர். இன்றும் அம்முறை வழக்கில் உண்டு. சில பெட்டிகளே இருப்பின் அது போதும். நூற்றுக்கணக்கான பெட்டிகளிடையே, நள்ளிரவில் பழுதான ஒன்றை மாற்றும் பணியாளர் ஒரு விசையைத் தள்ள மறந்தால், ஈரெண் ஓரெண் ஆகிவிடும்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனியெண் பொறிக்கப்படுகிறதே, அதனையே பெயராகக் கொள்ளலாகாதோ எனின், கொள்ளலாம். ஆயின் அஃது இடுகுறிப்பெயர் போன்றது; இன்ன பெட்டி என்று கூறுமேயன்றி, அது நிற்கும் இடத்தைக் கூறாது. தீயணைக்க ஓடுவார்க்கு வேண்டுவது இடங்காரணமாக வந்த பெயரன்றோ? பெயர்ச்சொற்களை ஆறாக வகுத்த நன்னூலார் இடப்பெயரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

இடத்தைக் கொண்டே எண் வழங்குதற்குப் பொறியாளர் கண்ட வழி மிக எளியது. பொதுவான செய்திக் கம்பியோடு, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு மட்டும் செல்லும் மற்றொரு கம்பியையும் சேர்த்தனர். அதனை முறைக்கம்பி என்போம். அடுக்கு விழித்தெழும்பொழுது பெட்டிகள் யாவும் பெயரின்றி வாய்மூடியிருக்கும். தலைமைக் கருவி முதற்பெட்டியின் முறைக்கம்பியில் ஒரு குறிப்பை எழுப்பி, "முறை பெற்றவன் ஒன்று என்னும் எண்ணைக் கொள்க" எனப் பொதுக்கம்பியில் அறிவிக்கும். அறிவிப்பை அனைத்தும் கேட்கும். முறை பெற்ற ஒன்றே ஏற்கும். அது தன் தனியெண்ணை விடையாகக் கூறிவிட்டு, அடுத்த பெட்டியின் முறைக்கம்பியைத் தானே எழுப்பும். இரண்டு, மூன்று எனப் பெயரீடு தொடரும். விடை வாராது நின்றவிடத்தில் வரிசை முடிந்ததென்று தலைமைக் கருவி கொள்ளும்.

தொடரில் நிற்கும் பெட்டிகளின் மின்னழுத்த நிலைகள் வேறுவேறாதலின், முறைக்கம்பியை நேரே பிணைத்தல் தீங்காகும். ஆகவே சில அமைப்புகளில் இடையே சிறு ஒளியிணைப்பை வைப்பர். ஒருபுறம் விளக்கு மின்ன, மறுபுறம் அவ்வொளியை உணரும் கருவி குறிப்பை ஏற்கும். குறிப்புச் செல்லும், மின்சாரம் செல்லாது.

பதினாறு பெட்டிகள் இருக்கவேண்டிய அடுக்கில் பதினொன்றே விடை தந்தால், பதினொன்றாவதற்கும் பன்னிரண்டாவதற்கும் இடையிலோ, பன்னிரண்டாவதிலோ பழுது உளதென்று அறியலாம். பெயரிடும் முறையே பழுதையும் காட்டுவது என் கருத்தில் இதன் தலையாய நன்மை. முன்பு பெற்ற எண்ணைப் பெட்டி நினைவில் வைத்திருத்தல் விரும்பத்தக்கதன்று. வேறோர் அடுக்கிலிருந்து கொணர்ந்த பெட்டி தன் பழைய எண்ணோடு வந்து குழப்பும். எழுச்சிதோறும் புதிதாக எண் வழங்கி, தனியெண் பட்டியலோடு ஒப்பிடுதலே ஏற்றது.

எனினும், கம்பி சென்ற வரிசையைத்தான் கருவி அறியும். பெட்டிகள் நிற்கும் வரிசையை அறியாது. பணியாளர் முறைக்கம்பியை ஆறாம் பெட்டியிலிருந்து எட்டாவதற்கு மாற்றிப் பிணைத்திருப்பின், எண்கள் பிழையின்றி வந்தும் இடம் பிழைபடும். ஆகவே பெயரீடு முடிந்தபின் தலைமைக் கருவி ஒவ்வோர் எண்ணாக அழைத்து, அப்பெட்டியின் முகப்பு விளக்கை மின்னச் செய்தல் வேண்டும். பணியாளர் ஏடும் எழுதுகோலுமாக எதிரே நின்று, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றையும் சரிபார்த்த பின்னரே அடுக்கின் கதவைச் சாத்துவர்.