புளித்த மாவில் ஒரு கூட்டு வாழ்க்கை

ரொட்டியை உப்பச் செய்வது ஈஸ்ட் என்பதை நாம் அறிவோம். அந்த ஈஸ்ட் பொட்டலத்தில் அடைத்துக் கடையில் விற்கப்படும் பொருள் என்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பொட்டல ஈஸ்ட்டுக்கு வயது குறைவு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிளைஷ்மன் சகோதரர்கள் அழுத்திய ஈஸ்ட் கட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கியது 1868ஆம் ஆண்டில்தான். அதற்கு முன், மது நுரையைச் சேர்த்துப் பிசைந்தோர் நீங்கலாக, மற்றவர்கள் நேற்றைய மாவில் ஒரு பிடியை எடுத்துவைத்து இன்றைய மாவில் கலந்தே ரொட்டி சுட்டனர். ரோமானிய அறிஞர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதனைக் குறித்துவைத்துள்ளார். தமிழ் விவிலியம் ‘புளித்த மா’ என்று சொல்வதும் இதனையே. நம் வீடுகளில் முதல் நாள் மோரைக் கொண்டு பாலுக்கு உறை ஊற்றுவதை ஒத்தது இது. ஆங்கிலத்தில் ‘சவர்டோ’ எனப்படும் இவ்வகை ரொட்டிக்கான உறையை இக்கட்டுரையில் தாய்மாவு என அழைப்போம்.

இதனை வீட்டில் உண்டாக்குவது எளிது. 50 கிராம் முழுக்கோதுமை மாவையும் 50 கிராம் நீரையும் ஒரு கண்ணாடிச் சாடியில் குழைத்து, மூடியை இறுக்காமல் வைத்துவிட வேண்டும். மறுநாள் முதல் நாள்தோறும் அதில் 50 கிராம் மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றதை நீக்கி, மீண்டும் 50 கிராம் மாவும் 50 கிராம் நீரும் சேர்க்க வேண்டும். இரண்டாம் நாளிலேயே மாவு நுரைத்துப் பொங்கக்கூடும். கண்டு மகிழ்கிறோம். மூன்றாம் அல்லது நான்காம் நாள் பார்த்தால் அசைவே இல்லை. செத்துவிட்டது என்று பலர் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்குகிறது.

முதலில் பொங்கியது பெரும்பாலும் ஈஸ்ட்டால் அன்று. மாவில் இருந்த பலவகைப் பாக்டீரியாக்களால். அவற்றுள் லியூகோநாஸ்டாக் என்பதும் ஒன்று. நம் இட்லி மாவை உப்பச் செய்யும் முதன்மையான உயிரி இதுவே. இட்லியில் கதாநாயகன், இங்கே வழிப்போக்கன். அமிலம் ஏற ஏற இவை ஒடுங்குகின்றன. அமிலத்தைத் தாங்கும் பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் மெல்லத் தலையெடுக்கின்றன. ஒரு வாரம் அல்லது பத்து நாள் சென்றபின், புது மாவு இட்ட நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் கலவை இருமடங்காக உயரும். அன்று அது ரொட்டிக்குத் தகுதி பெற்றுவிட்டது.

இப்படி நிலைபெறும் உயிர்கள் யாவை? சான்பிரான்சிஸ்கோ நகரின் புளிப்பு ரொட்டி 1849ஆம் ஆண்டுத் தங்க வேட்டைக் காலத்திலிருந்து புகழ்பெற்றது. அதன் தாய்மாவைக் கலிபோர்னியாவின் ஆல்பனியில் உள்ள அரசு ஆய்வுக்கூடத்தில் கிளைன், சுகிஹாரா முதலியோர் ஆராய்ந்து, 1971இல் முடிவுகளை வெளியிட்டனர். அதில் ஒரு ஈஸ்ட்டும், அதுவரை விவரிக்கப்படாத ஒரு பாக்டீரியாவும் இருந்தன. ஒரு ஈஸ்ட்டுக்கு ஏறக்குறைய நூறு பாக்டீரியா என்பது கணக்கு.

வியப்பு இதற்கு மேல்தான் இருக்கிறது. மாவின் ஸ்டார்ச் சிதைவதால் கிடைக்கும் முக்கியச் சர்க்கரை மால்டோஸ். இந்த ஈஸ்ட்டால் மால்டோசை உண்ண இயலாது. பாக்டீரியாவோ அதனையே விரும்பி உண்கிறது. ஆகவே உணவுக்குப் போட்டி இல்லை. மேலும், மால்டோசை உடைக்கும்போது கிடைக்கும் குளுக்கோசில் ஒரு பகுதியைப் பாக்டீரியா வெளியே விட்டுவிடுகிறது. அது ஈஸ்ட்டுக்கு உணவாகிறது. பாக்டீரியா தரும் லாக்டிக், அசெட்டிக் அமிலங்கள் வேண்டாத உயிர்களைத் தடுக்கின்றன. இந்த ஈஸ்ட்டோ அவற்றைத் தாங்கிக்கொள்ளும். தாவரவியல் மாணவர்க்கு லைக்கன் நினைவுக்கு வரலாம். திறந்த சமையலறையில் வைத்தும் தாய்மாவு ஆண்டுக்கணக்கில் கெடாதிருப்பதன் காரணம் இதுவே.

அந்தப் பாக்டீரியாவுக்கு நகரின் பெயரையே சூட்டினர். எனினும் அது அந்நகருக்கே உரியதன்று. இத்தாலி, ஜெர்மனி முதலிய நாடுகளின் தாய்மாவுகளிலும் உண்டு. பல நாடுகளிலிருந்து திரட்டிய 500 தாய்மாவுகளைப் பற்றி 2021இல் வெளியான ஆய்வும், எந்த ஊர் என்பதால் பெரிய வேறுபாடு இல்லை என்றே காட்டியது. ஊர்க் காற்றின் மகிமை என்பது பெரும்பாலும் வியாபாரப் பேச்சு.

ஆனால் ஊரின் வெப்பம் அப்படியன்று. இந்த ஈஸ்ட் செழிப்பது 27 பாகை செல்சியஸ் அளவில். பாக்டீரியாவுக்கு உகந்தது 32, 33 பாகை. நம் கோடையில் தராசு பாக்டீரியாவின் பக்கம் சாய்ந்துவிடும். புளிப்பு மிகும், உப்பல் குறையும்; அமிலம் கூடிய மாவில் குளூட்டன் தளர்ந்து ரொட்டி தட்டையாகிவிடும். இதற்குக் குளிர்ந்த நீர் சேர்ப்பதும், ஒரு பங்கு தாய்மாவுக்கு மூன்று பங்கு மாவும் மூன்று பங்கு நீரும் இட்டு இருவேளை ஊட்டுவதும் நல்லது.

அன்றாட ரொட்டிக்கு 500 கிராம் மைதா, 350 கிராம் நீர், 100 கிராம் தாய்மாவு, 10 கிராம் உப்பு போதும். பிசைந்த மாவு ஒன்றரை மடங்கு உயர்ந்ததும் உருட்டி, இரவு முழுதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, காலையில் சுடலாம். கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே மேல். அடுப்பு 230 பாகையில் இருக்க வேண்டும். கனத்த இரும்புப் பாத்திரத்தில் முதல் 20 நிமிடம் மூடிவைத்தால் ஆவி தங்கி மேலோடு உடனே இறுகாது, ரொட்டி நன்கு எழும்பும். பின் திறந்து இன்னும் 20 நிமிடம்.

நாள்தோறும் சுடாதவர்கள் தாய்மாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும். மேலே கருநிற நீர் தேங்கினால் அது பசியின் அடையாளம், கெட்டதன்று. இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கோடுகளோ பூஞ்சணமோ தென்பட்டால் மட்டும் ஒரு கரண்டியும் மிச்சம் வைக்காமல் கொட்டிவிட்டு, சாடியைக் கொதிநீரில் கழுவிப் புதிதாகத் தொடங்க வேண்டும்.