கொழுந்துக்குப் பின்னால் உள்ள பாடம்

கேள்வி: பேராதனையில் அரசியல் விஞ்ஞானம் படித்தேன். சர்வதேச அரசியல் பொருளாதாரத்தில் முதுமாணி செய்ய ஆசை. "தோட்டத்துப் பிள்ளைக்கு அது எதற்கு?" என்கிறார்கள். படிக்கலாமா?
– ஒரு வாசகி, தலவாக்கலை

பதில்: தாராளமாகப் படியுங்கள். அப்படிக் கேட்பவர்களின் சம்பளச் சிட்டையிலேயே அந்தப் பாடம் இருக்கிறது. ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகத் தீர்க்க 2021 டிசம்பரில் இலங்கை உடன்பட்டது. அமெரிக்கத் தடையால் டொலரில் கட்டுவது சிக்கல். அதே வருடம் ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. மலையில் கொழுந்து குறைந்தது, தராசில் கிலோவும் குறைந்தது. மறு ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. விலையைத் தீர்மானிப்பது யார், நட்டத்தைச் சுமப்பது யார் என்பதுதான் இந்தத் துறையின் கேள்வி. அதை நிரைக்குள் நின்று பார்த்தவர் எழுதினால் ஆய்வுக்கே தனி எடை.

லண்டன் பொருளியல் கல்லூரியிலும் வாரிக் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. முழுநேரமாக ஒரு வருடம். கட்டணம் கடுமை. நகையை அடகு வைத்துப் போகாதீர்கள், செவனிங் புலமைப்பரிசிலுக்கு முயலுங்கள். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்கவும் வேண்டும். முதலில் ஒரு வேலையில் சேருங்கள். கூடவே சூசன் ஸ்ட்ரேஞ்ச் 1988இல் எழுதிய 'ஸ்டேட்ஸ் அண்ட் மார்க்கெட்ஸ்' நூலைத் தேடிப் படியுங்கள்.