பிடிமண்: கலாசாலைப் பொதுவிடங்களில் கலை நிறுவுதல்

ஓவியம் சுவரில் தொங்கும். சிற்பம் பீடத்தின்மேல் நிற்கும். நாம் எட்ட நின்று அவற்றை நோக்கி, நன்றென்றோ அன்றென்றோ கூறி அப்பாற் செல்வோம். அவ்வாறன்றிக் காண்பானைத் தன்னகத்தே புகவிட்டு, அவன் நடை, இருப்பு, தொடுகை, கேள்வி ஆகியவற்றையும் தன் உறுப்பாகக் கொள்ளும் கலை ஒன்றுண்டு. இக்காலத்தார் அதனை நிறுவற்கலை என்பர். முற்றம், மரத்தடி, நூல்நிலைய வாயில், விடுதிக் கூடம் முதலிய பொதுவிடங்களே அதற்குரிய களம். கலாசாலைகள் பலவற்றில் மாணாக்கர் தாமே இத்தகையவற்றை அமைத்து வருகின்றனர். நம்மவர்க்கும் இவ்விருப்பம் தோன்றுவது இயல்பே. அங்ஙனம் அமைக்கப் புகுவோர் முதற்கண் கற்கவேண்டுவது யாது என்பதே ஈண்டு யாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

மதுரையும் இக்கலையும்

பெயர் புதிதேயன்றிப் பொருள் நம் ஊர்க்குப் புதிதன்று. மீனாட்சியம்மை கோயிலின் கீழைக் கோபுரத்திற்கு எதிரே உள்ள புதுமண்டபத்தை நோக்குக. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த விழாவிற்கென எடுப்பித்தது அது. அதன் தூண்களில் உள்ள உருவங்களை வியவாதார் இலர். ஆயின் மண்டபத்தைச் சூழ ஆழமில்லாத நீர்க்கால் ஒன்று அமைந்திருப்பதைப் பலர் நோக்குவதில்லை. கோடை வெம்மையில் அதனுள் நீர் நிரப்பின், அந்நீரைத் தடவி உட்புகும் காற்றுக் குளிர்ந்து வரும். கல்லைப் போலவே குளிர்ச்சியும் அச்சிற்பிக்கு ஒரு கருவிப்பொருளாயிற்று. அவன் கண்ணுக்கு மட்டும் வேலை செய்தானல்லன். வெயிலில் நடந்து களைத்து வருவோன் மேனிக்கும் செய்தான்.

வண்டியூர்த் தெப்பக்குளமும் அத்தகையதே. ஏறத்தாழ 1000 அடி நீளமும் 950 அடி அகலமும் உடைய அக்குளத்தின் நடுவே மைய மண்டபம் நிற்கிறது. தைத்திங்கள் நிறைமதி நாளில் தெப்பம் மிதக்கும்போது கரையில் நிற்போர் வெறும் காட்சியாளராய் நில்லார்; வடம் பிடித்து இழுப்போரும் அவரே. மக்கள் கை வையாவிடின் அக்காட்சி நகராது. இவ்விரண்டினாலும் நாம் அறிவது, இடத்தின் வெம்மையையும் நீரையும் மக்களின் வரவையும் கணக்கிற்கொண்டு செய்ததே பொதுவிடத்துக் கலை என்பதாம்.

பிடிமண் என்னும் வழக்கம்

இவற்றினும் எளிய பாடமொன்றை மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்கள் நமக்குக் கற்பிக்கின்றன. ஐயனார் கோயிலுக்குப் புரவி எடுக்க விரும்பும் ஊரார், வேளார் எனப்படும் மட்பாண்டக் கலைஞரிடம் வெறுங்கையோடு செல்வதில்லை. தம் ஊர் மண்ணில் ஒரு பிடி எடுத்து அவர் கையில் அளிப்பர். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்பது பெயர். அம்மண் கைம்மாறிய பின்னரே வேலை தொடங்கும். சுட்டு வண்ணம் தீட்டிய குதிரைகளை ஊரார் தோளில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுசெல்வர். அங்கே அவை வெயிலிலும் மழையிலும் நின்று, காலப்போக்கில் சிதைந்து மீண்டும் மண்ணாகும். அடுத்த புரவியெடுப்பில் புதியன வரும்.

இவ்வழக்கத்தில் மூன்று நீதிகள் அடங்கியுள்ளன. கலைக்குரிய இசைவு அவ்விடத்து மக்களிடமிருந்து பெறப்படுகிறது. கலைக்குரிய பொருள் அவ்விடத்து மண்ணாகவே இருக்கிறது. கலையின் முடிவும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்படுகிறது. இம்மூன்றும் ஒரு கலாசாலை முற்றத்திற்கும் பொருந்தும் என்பதே எமது துணிபு.

சாந்திநிகேதனம்

நம் நாட்டுக் கலாசாலைகளுள் இம்முறையில் தலைநின்றது வங்கநாட்டுச் சாந்திநிகேதனம். 1901-இல் இரவீந்திரநாத தாகூர் தொடங்கிய பள்ளி அது. அங்குள்ள கலாபவனத்தைச் சார்ந்த ராம்கிங்கர் பைஜ் 1938-இல் ‘சந்தால் குடும்பம்’ என்னும் பெருஞ்சிற்பத்தைத் திறந்தவெளியில் அமைத்தார். பளிங்கும் வெண்கலமும் அவர் நாடவில்லை. அந்நிலத்துச் செம்பூராங்கல் பரலையும் சிமெண்டையும் கலந்தே உருவாக்கினார். அரசரும் தலைவரும் அவர்க்குப் பொருளாகவில்லை. குழந்தையும் உடைமையும் சுமந்து, நாய் உடன்வர, வேறிடம் நாடிச் செல்லும் உழைப்பாளிக் குடும்பமே பொருளாயிற்று. கலாசாலையைச் சூழ்ந்து வாழும் மக்கள் அதன் முற்றத்தில் இடம்பெற்றனர்.

அவருடன் பணியாற்றிய பினோத் பிஹாரி முகர்ஜி 1940-இல் மாணாக்கர் விடுதியின் மேற்கூரையில் பீர்பூம் நாட்டுச் சிற்றூர் வாழ்க்கையை, நடுவே ஒரு குளம் அமையத் தீட்டினார். அண்ணாந்து நோக்குவார்க்கே அவ்வோவியம் கிடைக்கும். படுத்திருக்கும் மாணாக்கன் கண் எங்கே செல்லும் என்று எண்ணிச் செய்ததுபோல் அஃது அமைந்துள்ளது. பிற்காலத்தில் பார்வையை முற்றும் இழந்த பின்னரும், 1972-இல், அவர் அங்கே ஓடுகளால் ஒரு சுவர்க்கலையை அமைத்தார். கண்ணின் துணையின்றியும் கலை செய்யக்கூடுமாயின், கண்ணின் துணையின்றியும் துய்க்கத்தக்க கலையை நாம் ஏன் எண்ணலாகாது?

கேளாது நிறுத்திய சுவர்

பிடிமண் பெறாது செய்த கலைக்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டும். நியூயார்க்கு நகரில் அரசாங்க அலுவலகங்களுக்கு முன்னுள்ள வெளியில் ரிச்சர்டு செரா என்னும் பெருஞ்சிற்பி 1981-இல் வளைந்த இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். அதன் நீளம் 120 அடி. உயரம் 12 அடி. நாடோறும் அவ்வெளியைக் குறுக்கே கடந்து வேலைக்குச் சென்றோர் இனிச் சுற்றிச் செல்லவேண்டியதாயிற்று. நடப்போர் தம் நடையை உணரவேண்டும் என்பதே சிற்பியின் கருத்து. உணர்ந்தவர் பலர் வெகுண்டனர். 1985-இல் பொது விசாரணை நடந்தது. பேசியவருள் பெரும்பாலோர் அச்சுவர் இருக்கவேண்டும் என்றே வேண்டினர்; அவ்விடத்திற்கென்றே செய்ததை வேறிடம் பெயர்த்தல் அதனை அழித்தலேயாகும் என்பது சிற்பியின் வாதம். ஆயினும் 1989-இல் அது வெட்டி அகற்றப்பட்டது. எத்தரப்பு நேரிது என்பதில் இன்றும் அறிஞர் மாறுபடுவர். யாம் கூறுவது ஒன்றே: நிறுத்திய நான்காம் ஆண்டில் கேட்ட கேள்வியை நிறுத்துமுன் கேட்டிருத்தல் வேண்டும்.

இதற்கு மறுதலையாக, அந்நாட்டு யேல் பல்கலைக்கழகத்தில் 1993-இல் நிறுவப்பெற்ற ‘மகளிர் மேசை’யைக் கூறலாம். அங்கே பயின்ற மாயா லின் என்னும் அம்மையார் அமைத்தது அது. நூல்நிலையத்தின் முன்னர்க் கருங்கல்மேசை ஒன்று. அதன்மேல் நீர் ஊறிப் படர்ந்து வழிகிறது. நீரின்கீழ்ச் சுருளாக எண்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் அங்கே பயின்ற பெண்களின் தொகையே அவ்வெண்கள். 1701-இல் தோன்றிய அக்கழகத்தில் தொடக்கத்தில் நெடுந்தொலைவு சுழியும் சுழியுமே உள்ளன. பின்னர் எண்கள் வளர்கின்றன. நீரில் விரலிட்டு அச்சுழிகளைத் தடவும் மாணவி எவருடைய விளக்கமுமின்றித் தன் கலாசாலையின் வரலாற்றை அறிகிறாள்.

பொது என்னும் சொல்

இனிப் பொதுவிடம் என்பதில் பொது என்னும் சொல்லைச் சிறிது ஆராய்வோம். மீனாட்சியம்மை கோயிலின் மண்டபங்கள் கலைச்சிறப்பில் ஒப்பற்றன. ஆயினும் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோரும் நாடார் மக்களும் நெடுங்காலம் அவற்றினுட் புகப்பெற்றிலர். 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் ஸ்ரீ அ. வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு உட்சென்ற பின்னரே அத்தடை நீங்கிற்று. கல் மாறவில்லை; தூண் மாறவில்லை; அன்றுதான் அம்மண்டபம் பொதுவாயிற்று. ஊர்த்திண்ணைகளின் செய்தியும் இதுவே. வழிப்போக்கர்க்கென்று கட்டிய திண்ணையில் எல்லா வழிப்போக்கரும் அமர முடிந்ததில்லை.

நமது வளாகத்தில் அத்தகைய தடை எழுதப்படவில்லை. எனினும் எழுதப்படாத தடைகள் உண்டு. நண்பகலில் பெருக்கும் பெண்டிர் எந்த மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறக்கின்றனர்? இரவுக் காவலர் மழைக்கு எங்கே ஒதுங்குகிறார்? பார்வையற்ற மாணாக்கர் எவ்வோரத்தைக் கோலால் தடவி வகுப்பை அடைகின்றார்? சக்கர நாற்காலி எப்படியின்முன் நின்றுவிடுகிறது? இவற்றை அறியாது, அழகிய தொன்றை நிறுவி, அம்மரத்தடியைக் கயிறு கட்டி மறித்தோமாயின், நாம் கலையின் பெயரால் ஒருவர் உண்ணும் இடத்தைக் கவர்ந்தவராவோம். விழாநாளில் விருந்தினர் புகழ்வர். மறுநாள் அப்பெண்டிர் வெயிலில் அமர்வர். இதனை நாம் பெருங்குற்றமாகக் கருதவேண்டும்.

அமைக்கும் முறை

ஆதலின் நிறுவற்கலையைப் பயில்வோர் ஐந்து படிகளைக் கைக்கொள்க.

முதலாவது, காண்டல். தெரிந்தெடுத்த இடத்தில் ஒரு கிழமையேனும் காலை, நண்பகல், மாலை, இரவு என அமர்ந்து, யார் வருகின்றனர், எவ்வழி செல்கின்றனர், நிழல் எங்கே விழுகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது என்று குறிப்பெடுத்தல்.

இரண்டாவது, கேட்டல். முதல்வரின் இசைவு மட்டும் போதாது. தோட்டம் பேணுவோர், பெருக்குவோர், காவலர் ஆகியோரையும் வினவுதல். அவர் ‘வேண்டா’ என்பதற்கும் இடமிருத்தல் வேண்டும்; அன்றேல் அது கேட்டலாகாது.

மூன்றாவது, பொருள் தேர்தல். அண்மையிற் கிடைப்பதும், கையால் தொடத்தக்கதும், நம் வெயிலைத் தாங்குவதுமாகிய பொருளைக் கொள்க. கோடையில் வெறும் இரும்பிருக்கையில் அமர்தல் இயலாது என்பதை நம்மூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நான்காவது, செய்தல். ஆடிக்காற்றையும் ஐப்பசி மழையையும் எண்ணி உறுதியாகச் செய்க. கூர்முனையும் தடுக்கும் படியும் ஒழிக. மரத்தில் ஆணி அறைதல் கூடாது. உடன் உழைத்த கைவினைஞர்க்கு உரிய கூலியோடு அவர் பெயரையும் பொறித்தல் வேண்டும்.

ஐந்தாவது, விடுத்தல். எத்துணை நாள் நிற்கும், எவர் பேணுவர், எப்போது எடுப்பர் என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்தல். ஐயனார் குதிரைகளே இதற்கு ஆசிரியர்.

ஓர் எடுத்துக்காட்டு

இவ்வைந்தும் விளங்க ஒன்றை வரைந்து காட்டுதும். விடுமுறைக்குச் செல்லும் மாணாக்கர் ஒவ்வொருவரும் தம் ஊர் மண்ணில் ஒரு பிடி கொணர்க. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் வரும். திருமங்கலத்துக் கரிசல் வரும். கண்மாய் வண்டலும் வரும். வளாகத்தில் உழைப்போர் ஊர்மண்ணும் அவற்றோடு சேர்தல் வேண்டும். கரிசல் உலரும்போது வெடிக்கும். ஆதலின் எதனோடு எதனை எவ்வளவு கலப்பது என்பதை விளாச்சேரி மட்கலைஞர் போன்றாரிடம் கற்க. அவ்வாறு சுட்ட செங்கல்லும் ஓடும் கொண்டு, மரநிழலில் எவரும் அமரத்தக்க தாழ்ந்த திண்ணை ஒன்றும், அதனை அடுத்த வெயில் நிலத்தில், நடைவழிக்கு விலக, 3 அடி உயரமுள்ள கம்பம் ஒன்றும் அமைக்க.

மதுரை நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்பிரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலுமாக ஆண்டில் இருமுறை ஞாயிறு நம் உச்சிக்கு நேரே நிற்கும். அந்நாட்களில், நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 12 மணி 18 நிமிடத்தில், அக்கம்பத்திற்கு நிழலே இராது. டிசம்பர் 21-ஐ ஒட்டி அதன் நண்பகல் நிழல் வடக்கே ஏறத்தாழ 2 அடி நீளும். ஜூன் 21-ஐ ஒட்டித் தெற்கே ஏறத்தாழ 9 அங்குலமே விழும். மாதந்தோறும் நண்பகல் நிழலின் நுனி விழுமிடத்தில் ஓர் ஓடு பதிக்க. ஓட்டின்மேல் எழுத்தும் கோடும் புடைத்திருப்பின் பார்வையற்றோரும் விரலால் படிப்பர். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓராண்டுப் பொறுமை வேண்டும். பெருக்கும் பெண்டிர் உணவருந்தும் நிழல் அங்கே குறையாது. அமர்வதற்கு ஒரு திண்ணையும் மிகும்.

மாணாக்கர்காள்! கலை நிறுவும் ஆர்வம் நன்று, அதனைக் கைவிடற்க. ஆயின் வரைபடம் எழுதுமுன், பணம் திரட்டுமுன், விருந்தினரை அழைக்குமுன், அவ்விடத்தில் நாடோறும் நடப்பாரையும் இருப்பாரையும் அணுகிப் பிடிமண் கேளுங்கள். அவர் மனமுவந்து அளித்தால் எடுங்கள்; அளியாராயின் வேறிடம் தேடுங்கள். அங்ஙனம் பெற்ற மண்ணில் எழுவது சிறிதாயினும் அதுவே நமது கலாசாலைக்கு உரியதாகும்.