இண்டக்‌ஷன் அடுப்பும் உறையாத பாலும்

இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேற்றிய பால் சீஸாக உறையாது, அடுப்பிலிருந்து வரும் கதிர் பாலின் உயிர்ச்சத்தைக் கொன்றுவிடும் என்ற பேச்சு ஓசூரிலிருந்து சூளகிரி வரை ஓயாமல் காதில் விழுகிறது. சிப்காட் வேலைக்கு வந்து வாடகை வீடுகளில் குடியிருப்பவர்கள் கையில் இந்த அடுப்பு இருக்கிறது. தெருமுனையில் கறந்த பால் கிடைக்கிறது. வீட்டிலேயே மொசரெல்லா செய்து பார்க்கும் ஆசையும் வந்திருக்கிறது. ஐந்து லிட்டர் பால் கட்டியாகாமல் கொழகொழவென்று நின்றவுடன் பழி அடுப்பின் தலையில் விழுகிறது. இந்தப் பேச்சில் எள்ளளவும் உண்மை கிடையாது. இதை நம்பி நல்ல அடுப்பை மூலையில் போட்டுவிட்டு, ஆயிரக்கணக்கில் கொடுத்து வேறு கருவி வாங்குகிறார்கள். அதனால்தான் இதைக் கோபத்தோடு எழுதவேண்டியிருக்கிறது.

அடுப்புக்குள் இருப்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள். அதில் ஓடும் மின்சாரம் வினாடிக்கு 20,000 முதல் ஒரு லட்சம் முறைக்குள் திசை மாறுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் இரும்புத்தன்மையுள்ள பாத்திரத்தின் அடியில் மின்னோட்டத்தைத் தூண்ட, அந்த அடிப்பகுதி சூடாகிறது. பாலுக்குக் கிடைப்பது பாத்திரத்தின் சூடு மட்டுமே, விறகடுப்பில் கிடைப்பதும் அதே சூடுதான். ‘கதிர்’ என்று பயப்படுகிறவர்கள் ஓர் ஒப்பீட்டைப் பார்க்கட்டும். எஃப்எம் வானொலியின் அலை வினாடிக்குச் சுமார் 10 கோடி முறை அதிர்கிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் நான்கு கோடி கோடி முறைக்கும் மேல் அதிர்கிறது. அதிர்வு கூடக் கூடத்தான் ஓர் அலைக்கு மூலக்கூறை உடைக்கும் வல்லமை வரும். சன்னல் வெளிச்சம் பட்டுக் கெடாத புரதம், அதைவிடப் பல நூறு கோடி மடங்கு மெதுவாக அதிரும் அடுப்பால் கெட்டுவிடும் என்பதற்கு எந்தப் பௌதிகத்திலும் இடமில்லை.

அப்படியானால் பால் ஏன் உறையவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் நம் சமையல் பழக்கத்திலேயே இருக்கிறது: நாம் பாலைப் பொங்கவிடுகிறோம். பாலில் கேசீன் என்னும் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி அவற்றின் மேற்புறத்தில் கப்பா கேசீன் மயிர்போல் நிற்கிறது. ரென்னட் என்கிற உறைபொருள் அந்த மயிரைச் சிரைத்துவிட்டால் உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகும். பாலை 70 டிகிரிக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினால், அதுவரை தனியாகக் கரைந்திருந்த வேறொரு புரதம் குலைந்துபோய் அந்த மயிரின் மேல் படிந்துவிடுகிறது. பிறகு ரென்னட் எவ்வளவு ஊற்றினாலும் கட்டி தளதளவென்றுதான் வரும். கொதித்த பாலுக்கும் அட்டைப்பெட்டியில் பல மாதம் கெடாமல் வரும் பாலுக்கும் இதுவே கதி. பனீருக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே 80, 90 டிகிரிக்குச் சூடேற்றி எலுமிச்சைச் சாறு பிழிகிறோம், குலைந்த புரதமும் கட்டியோடு சேர்ந்து எடை கூடுகிறது. பனீர் செய்து பழகிய கை அதே சூட்டைச் சீஸுக்கும் கொடுக்கிறது. தோற்பது அந்த இடத்தில்தான்.

‘கேஸ் அடுப்பில் சரியாக வந்தது, இண்டக்‌ஷனுக்கு மாறியபின் வரவில்லை’ என்பார்கள். அடுப்பை மாற்றியபோது பாத்திரத்தையும் மாற்றினோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். கனமான அலுமினியக் குண்டான் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது, அதனால் மெல்லிய எவர்சில்வர் பாத்திரம் வந்தது. அலுமினியம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய எவர்சில்வர் அடியில் சுருளுக்கு நேர் மேலே உள்ள வளையம் மட்டும் கொதிக்க, மற்ற இடம் வெதுவெதுப்பாக நிற்கும். போதாக்குறைக்கு, விலை குறைந்த அடுப்புகளைக் குறைந்த சூட்டில் வைத்தாலும் அவை சீராக எரிவதில்லை. சில வினாடி முழு வேகத்தில் இயங்கி, சில வினாடி அணைந்து, மறுபடி இயங்கும். முகப்பில் 60 என்று காட்டும் எண் கண்ணாடிக்குக் கீழே உள்ள உணரியின் சூடு, பாலின் சூடு வேறு. நடுவில் 32 டிகிரி இருக்கும் பால் அடியில் காந்திப்போயிருக்கும். அடுப்பின் மேல் குறை சொல்லவேண்டுமானால் இதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கு மருந்து தண்ணீர். பால் பாத்திரத்தை நேரே அடுப்பில் ஏற்றாமல், பெரிய அண்டாவில் பிரிமணையோ மடித்த துணியோ போட்டு, அதன்மேல் வைத்துச் சுற்றிலும் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். குளிர்பெட்டியிலிருந்து 5 டிகிரியில் எடுத்த 5 லிட்டர் பாலை, 45 டிகிரிச் சூடுள்ள 10 லிட்டர் தண்ணீருக்குள் வைத்துக் கிளறினால், கணக்குப்படி இரண்டும் 32 டிகிரியில் சமமாகும். பாத்திரமும் காற்றும் இழுத்துக்கொள்ளும் சூட்டுக்காகத் தண்ணீரை 48 டிகிரியில் தொடங்கலாம். ரென்னட் கேட்பது 30 முதல் 35 டிகிரி. எவ்வளவு கவனம் பிசகினாலும் இந்த முறையில் பால் கொதிக்க வழியே இல்லை. மார்கழிக் குளிரில்கூட அண்டாத் தண்ணீர் அந்தச் சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும். ஆல்ப்ஸ் மலையில் விறகு நெருப்பின் மேலேயே சீஸ் செய்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அங்கே செம்புக் கொப்பரை சுழலும் மரக்கையில் தொங்குகிறது, சூடு வந்த நொடியில் கொப்பரையையே நெருப்பிலிருந்து விலக்கிவிடுவார்கள். நம் சமையலறையில் அந்த மரக்கை வேலையை அண்டாத் தண்ணீர் செய்கிறது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. அலுமினியத்தில் பாலைச் சூடேற்றினால் மறதி நோய் வரும் என்பது நிரூபணமாகாத பயம். ஆனால் புளித்த தெளிநீரும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும், ஆகவே உறையவைக்க எவர்சில்வரே நல்லது. இத்தாலியின் பார்மிஜானோ செம்பில்தான் செய்கிறார்கள் என்பது உண்மை, அதற்காகப் பரணிலிருந்து ஈயம் போன பித்தளையை இறக்காதீர்கள். விசிலடிக்கும் பால் குக்கரின் இரட்டைச் சுவர் அருமையான ஏற்பாடு, ஒன்றிரண்டு லிட்டருக்கு அது போதும். ரைஸ் குக்கரின் ‘வார்ம்’ நிலை சீஸுக்கு மிக அதிகச் சூடு. வாளியில் போடும் ஹீட்டர் ராடைப் பாலுக்குள் முக்குவது பாலையும் கெடுக்கும், ஆளையும் கொல்லும்.

காசு செலவழிக்கத் தோன்றினால் ஒரு நல்ல வெப்பமானி வாங்குங்கள். வாங்கியவுடன் ஐஸ் தண்ணீரில் வைத்தால் பூஜ்யம் காட்டவேண்டும். கொதிநீரில் 100 காட்டவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். நம் வட்டாரத்தில் தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

கடைசியாக, ‘பச்சைப் பாலில்தான் அசல் ருசி’ என்ற பேச்சு. மடியிலிருந்து இறங்கும்போதே பால் 37, 38 டிகிரியில் இருக்கிறது, சூடேற்றவே வேண்டாம், அப்படியே ரென்னட் விடலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இது ஆபத்தான யோசனை. மாட்டுக்குக் கன்று வீச்சை உண்டாக்கும் புரூசெல்லா கிருமி பச்சைப் பால் வழியாக மனிதருக்கு வரும், புதுச் சீஸுக்குள்ளும் உயிரோடு இருக்கும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக மாதக்கணக்கில் படுத்தும். அதே அண்டாவில் கறந்த பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தி, பிறகு குளிர்ந்த தண்ணீரை மாற்றி ஊற்றி 32-க்கு இறக்குங்கள். கிருமி சாகும், உறையும் குணம் போகாது. பாக்கெட் பாலை ஏற்கெனவே பதப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள், அதை மறுபடி காய்ச்சவேண்டாம். கறந்த பால் வாங்குகிறவர்கள் மாட்டுக்காரரிடம் விலையோடு இன்னொன்றும் கேளுங்கள்: கிடாரிக் கன்றுகளுக்குப் புரூசெல்லா தடுப்பூசி போட்டாயிற்றா? 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுக் கிடாரிகளுக்கு இந்த ஊசி உண்டு. அந்த நான்கு மாதத்தைத் தவறவிடாமல் கன்றைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப் போகச் சொல்லுங்கள்.